கைவிட்ட தோட்டத்தில் வளர்வது எந்தக் காடு?

வெட்டின மழைக்காடு இருபது வருடத்தில் பெருமளவு மீண்டுவிடும் என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நாள் கழித்து, அழிந்த காடு பழையபடி ஆக நூற்றாண்டுக்கு மேல் பிடிக்கும் என்று இன்னொன்று வரும். இரண்டையும் சொல்பவர்கள் ஒரே துறைக்காரர்கள், சில சமயம் ஒரே ஆய்வுக் கட்டுரையிலேயே இரண்டும் இருக்கும். இடையில் வனப்பரப்பு கூடியிருக்கிறது என்று அரசு அறிக்கை வேறு. படிப்பவர் எதை நம்புவது?

இரண்டும் உண்மைதான். முதல் செய்தி எத்தனை வகைச் செடி வந்தது என்று எண்ணுகிறது. இரண்டாவது, வந்தவை எவை என்று பெயர் கேட்கிறது. எண்ணிக்கை சீக்கிரம் திரும்பும், பெயர்ப்பட்டியல் லேசில் திரும்பாது.

குமரி மாவட்ட மலையோரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2011 வாக்கில் உச்சம் தொட்ட ரப்பர் விலை விழுந்த பிறகு பால் வெட்டாமல் விட்ட தோட்டங்கள் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் சாய்த்துப் போட்டு, அப்புறம் திரும்ப நடாத துண்டுகள் உண்டு. பாகப்பிரிவினை முடியாமல் கிடக்கிற விளைகளும் உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை, உள்ளே இருப்பது அப்படி இல்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

காட்டை முழுசாகவோ பெரும்பகுதியோ வெட்டி, நிலத்தைப் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ பயன்படுத்தி, பிறகு விட்டுவிட்டால் தானாக எழும்பும் காட்டுக்கு மறுவளர்ச்சிக் காடு என்று பெயர். தேக்கு, யூக்கலிப்டஸ், ரப்பர் என்று வரிசையாக நட்டது இதில் சேராது. வெட்டப்படாமலோ, வெட்டியது மறந்துபோகும் அளவுக்குக் காலம் கடந்தோ நிற்கும் காட்டை இங்கே பழங்காடு என்று வைத்துக்கொள்வோம்.

பழங்காடு என்றால் மனிதக் கை படாதது என்று அர்த்தமில்லை. இங்குள்ள அசம்பு மலைகளில் 1860களில் காபித் தோட்டம் போட்டார்கள், இலைத்துரு நோய் தாக்கிப் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. பழங்குடியினரான காணிக்காரர்கள் அதற்கும் எவ்வளவோ முன்பிருந்து இந்த மலையில் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்தவர்கள். ஆகவே இந்த மலைக்கு மறுவளர்ச்சி புதிதல்ல. புதிதாக இருப்பது, வெட்டின இடத்தைச் சுற்றி முன்பு இருந்த பெரிய காடு இப்போது பல இடங்களில் இல்லை என்பது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே தெரியும்.

செடி எங்கிருந்து வருகிறது

சும்மா விட்ட நிலத்தில் காடு முளைக்க நான்கே வழிதான்.

1. மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் விதை. வட்டக்கண்ணி மாதிரி, வெட்டவெளியை முதலில் பிடிக்கும் முன்னோடி மரங்களின் சின்ன விதைகள் மண்ணில் உயிரோடு காத்திருக்கும். மேலே நிழல் போய், வெயில் நேராகத் தரையில் பட்டதும் முளைக்கும். இதைத்தான் விதை வங்கி என்கிறார்கள்.

2. தூரும் வேரும். வெட்டின மரத்தின் அடியிலிருந்து துளிர்ப்பது. ஒரே முறை வெட்டி, ரொம்பக் கிளறாமல் விட்ட இடத்தில் இது பெரிய பலம். ரப்பர் வைக்கும்போது தூரைத் தோண்டி எடுத்து, சரிவில் படி வெட்டி, வருடக்கணக்காகக் களை கொத்தின இடத்தில் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும். விதை வங்கியும் அதே களைகொத்தலில் கரைந்திருக்கும்.

3. நிழலில் ஏற்கெனவே நின்ற கன்றுகள். பழங்காட்டுக்குள் ஒரு பெரிய மரம் விழுந்தால், அதற்கடியில் முழங்கால் உயரத்தில் பல வருடம் காத்துக்கொண்டிருந்த கன்றுகள் வெளிச்சம் கிடைத்ததும் விறுவிறுவென்று ஏறும். ஓகி காட்டுக்குள் திறந்துவிட்ட இடைவெளியும், தோட்டத்தில் திறந்துவிட்ட இடைவெளியும் ஒன்றாகாதது இதனால்தான். தோட்டத்துக்குள் அப்படிக் காத்திருந்த கன்று எதுவும் கிடையாது.

4. வெளியிலிருந்து வந்து விழும் விதை. காற்று, பறவை, வௌவால், மரநாய், குரங்கு, மலை அணில், ஓடைத் தண்ணீர் எதன் வழியாகவும் வரலாம். கைவிட்ட தோட்டத்துக்கு முக்கிய வரவு இதுதான்.

நான்காவதை நேரில் பார்க்க, பால் வெட்டு நின்றுபோன ஏதாவது ஒரு ரப்பர் துண்டுக்குள் நுழைந்தால் போதும். மரத்தில் கம்பி கட்டிய சிரட்டை அப்படியே இருக்கும், வரிசையும் தெரியும். வரிசைகளுக்கு நடுவே பெரும்பாலும் ரப்பர் கன்றுகளே நிற்கும், காய் வெடித்துச் சிதறிய விதையிலிருந்து வந்தவை. ஆனால் வேலி ஓரத்தில் யாரோ வெட்டாமல் விட்ட ஒரு அயனியோ ஆலோ நின்றால் அதற்கடியில் கதை வேறு. அங்கே வந்து உட்காரும் சின்னானும் குக்குறுவானும் எச்சமிடுவதில் முளைத்த கன்றுகள் அந்த மரத்தைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். அந்த வளையத்துக்குள் பத்தடியில் கிடைக்கும் வகைகள், வரிசைக்கு நடுவே நூறடி நடந்தாலும் கிடைக்காமல் போகலாம். ஒற்றை மரம் வெட்டுக்குத் தப்பினால் கிடைக்கும் லாபம் இது. வேலியோர மரத்தை விறகு என்று பார்ப்பவர்களிடம் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பன்முகத்தன்மை என்பது மூன்று கேள்வி

செய்தியில் பல்லுயிர்ப் பன்முகம் என்று ஒற்றைச் சொல்லாக வருவதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. எத்தனை இனம்? இது இனச் செழுமை.
2. ஒவ்வொன்றிலும் எத்தனை மரம்? ஒன்று மட்டும் பெருகி மற்றவை பேருக்கு ஒன்றிரண்டு நிற்கிறதா, அல்லது ஓரளவு சமமாகப் பிரிந்திருக்கிறதா?
3. எவை எவை? இது இனக் கலவை.

ஒரு கணக்குக்கு, இரண்டு துண்டு நிலத்திலும் நூறு நூறு மரம், இருபது இருபது இனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் ஒவ்வொரு இனத்திலும் ஐந்து மரம். இரண்டாவதில் வட்டக்கண்ணி மட்டும் எண்பத்தொன்று, மீதிப் பத்தொன்பது இனத்துக்கும் தலைக்கு ஒன்று. முதல் கேள்விக்கு இரண்டும் ஒரே விடை. இரண்டாவது துண்டில் நடக்கும்போதோ ஒரே மரத்தோப்புக்குள் போகிற மாதிரி இருக்கும், அந்தப் பத்தொன்பதில் ஒன்று பட்டுப்போனால் அந்த இனமே அந்த இடத்தில் காலி.

மூன்றாவது கேள்வி இன்னும் கறாரானது. இருபதும் சமமாகவே இருக்கட்டும். அவை வட்டக்கண்ணி, ஏழிலைப்பாலை, இலவு மாதிரி வெயில் விரும்பிகளா, அல்லது வெடிப்பலா, நாங்கு, வெள்ளைக்குங்கிலியம் மாதிரி நிழலில் பிறந்து மெதுவாக ஏறுபவையா? இந்த மலைகள் அடங்கிய அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காட்டுக்கு அடையாளமே வெடிப்பலாவும் நாங்கும் பாலையும் (ஏழிலைப்பாலை அல்ல, இது வேறு மரம்) சேர்ந்து நிற்பதுதான். யுனெஸ்கோ 2016இல் உலக உயிர்க்கோளக் காப்பக வலையில் சேர்த்த அகத்தியமலைப் பகுதியில் 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் பதிவாகியிருக்கின்றன, அதில் சுமார் 400 இந்த வட்டாரத்துக்கே உரியவை. எங்கும் வளர்கிற இருபது இனம் திரும்பி வந்து, இங்கே மட்டும் வளர்கிற இருபது போய்விட்டால், எண்ணிக்கைக் கணக்கில் நஷ்டமே தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழங்காடு உயரத்துக்கு உயரம், ஓடைக்கு ஓடை மாறும். கீழ்க்கோதையாற்றில் பார்க்கும் மரக்கூட்டம் மலைமேல் முத்துக்குழிவயலில் இருக்காது. இளம் மறுவளர்ச்சித் துண்டுகளில், ஒரே நாலைந்து முன்னோடி மரங்கள் எல்லா இடத்திலும் தலைமை தாங்கினால், பத்துத் துண்டைக் கூட்டினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரு துண்டை மட்டும் அளந்து ‘மீண்டுவிட்டது’ என்பதில் இந்த ஓட்டை எப்போதும் உண்டு.

அந்த இருபது வருடக் கணக்கு

லத்தீன் அமெரிக்காவில் 56 இடங்களின் மறுவளர்ச்சிக் காடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. இருபது வருடத்தில் மர இனங்களின் எண்ணிக்கை பழங்காட்டின் 80 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இனக் கலவை மட்டும் 34 சதவீதம்தான். தலைப்புக்கு 80 போனது, 34 உள்ளே தங்கிவிட்டது.

2021இல் வெளியான பெரிய தொகுப்பு அமெரிக்க வெப்பமண்டலத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலுமாக 77 இடங்களை எடுத்து, பன்னிரண்டு அம்சங்களைத் தனித்தனியாக அளந்தது. பழங்காட்டின் 90 சதவீதத்தை எட்ட ஆகும் காலம் ஏறக்குறைய இப்படி:

1. மண் வளம்: 10 வருடத்துக்குள்
2. மரங்களின் இலை, கட்டை போன்றவற்றின் செயல்பாட்டுக் குணங்கள்: 25 வருடத்துக்குள்
3. காட்டின் அமைப்பும் இன எண்ணிக்கையும்: 25 முதல் 60 வருடம்
4. மொத்த உயிர்த்திரளும் (மரங்களின் மொத்த எடை) இனக் கலவையும்: 120 வருடத்துக்கு மேல்

முதலில் சொன்ன இரண்டு செய்தியும் இந்தப் பட்டியலின் வேறு வேறு வரிகளைப் பற்றியவை. ஒரு நிபந்தனையும் உண்டு, அது செய்தியில் பெரும்பாலும் வராது. அளந்த இடங்கள் லேசாகவோ மிதமாகவோ பயன்படுத்தப்பட்ட நிலங்கள். நாற்பது ஐம்பது வருடம் ரப்பர் நின்று, இரண்டு முறை வெட்டி மறுநடவு செய்த சரிவுக்கு அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்த எண்களை அப்படியே தூக்கி வைப்பதும் சரியில்லை. வரிசையை நம்பலாம், வருடத்தை அவ்வளவு நம்ப வேண்டாம்.

பெயர்ப்பட்டியல் ஏன் தாமதமாகிறது

முன்னோடி மரத்தின் பிழைப்பு வேகத்தில் இருக்கிறது. சின்ன விதை, நிறைய விதை, எடை குறைந்த கட்டை, சீக்கிரம் உயரம். நிழல் தாங்கிகள் நேர்மாறு. நாங்குக் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. அந்த அடர்த்தியைச் சேர்க்க வருடங்கள் வேண்டும்.

மெதுவாக வளர்வதுகூடப் பெரிய தடை இல்லை. வந்து சேர்வதுதான் தடை. கோங்கு, வெள்ளைக்குங்கிலியம் வகையறா விதைகள் விழுந்த சில வாரத்துக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடும், மண்ணில் காத்திருக்கும் பழக்கமே அவற்றுக்கு இல்லை. வெள்ளைக்குங்கிலியத்தின் விதை கனமானது, தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது. பெரிய பழங்களை விழுங்கி வெகுதூரம் கொண்டுபோகிற பறவை என்றால் இருவாச்சி. அதற்குக் கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய பழைய மரம் வேண்டும், ஆக மறுவளர்ச்சித் துண்டுக்கு அது வருமா என்பது பக்கத்தில் பழங்காடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சின்னான் வரும், தாராளமாக வரும். அதன் வாய்க்குள் போகிற அளவுப் பழத்தின் விதையைத்தான் அது கொண்டுவரும்.

நடுவில் நிற்கும் மரங்களும் உண்டு. தெரளியப்பம் அவிக்கிற இலை தருகிற தெரளி மரம் பழங்காட்டுக்காரன், நிழலில் முளைக்கும், ஆனால் பழம் சிறியது, பறவைகள் பரப்பும். இப்படிப்பட்டவை முதலில் உள்ளே வரும். பெரிய விதைக்காரர்கள் கடைசி. சிலர் வருவதே இல்லை.

மலைக்குக் கிழக்கே கணக்கு கொஞ்சம் மாறும். பேச்சிப்பாறை மழைக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை, காடு மட்டும் அடியோடு வேறு. வறண்ட பக்கத்தில் தூரிலிருந்து துளிர்ப்பது அதிகம், அதனால் பழைய பெயர்கள் ஆரம்பத்திலேயே பட்டியலில் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் ஈரக்காடும் வறண்ட காடும் எதிரெதிர்த் திசையில் போவதையும் அளந்திருக்கிறார்கள்: ஈரக்காட்டில் லேசான கட்டையிலிருந்து கனமான கட்டைக்கு, வறண்ட காட்டில் கனத்திலிருந்து லேசுக்கு. வறண்ட பக்கத்துக்கு முக்கிய எதிரி தீ. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை எரிந்தால் புல்லும் புதரும் மட்டுமே மிஞ்சும்.

தடுத்து உட்கார்ந்துகொள்பவை

சும்மா விட்டால் போதும், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது பாதி இடத்தில்தான் பலிக்கும். உண்ணிச்செடி, கம்யூனிஸ்ட் பச்சை, மிக்கானியா கொடி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. திறந்த நிலம் கண்டால் இவைதான் முதலில் பிடிக்கும். கம்யூனிஸ்ட் பச்சை உயரமான நிழல் வந்தால் மெலிந்துபோகும், அதனிடம் பயம் குறைவு. கொடிகள் அப்படி இல்லை. ரப்பர் தோட்டத்தில் களை வராமலிருக்கவும் மண்ணுக்குத் தழைச்சத்து சேரவும் மூடுபயிராகப் போட்ட முக்குனா, வடகிழக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது. தோட்டத்தைப் பராமரிக்கும்வரை ஒழுங்காக இருக்கும், விட்டுவிட்டால் ஓர மரங்கள் மேல் ஏறி முழுசாகப் போர்த்திவிடும். போர்வைக்கடியில் கன்று எழும்பாது. பத்து வருடம் கழித்துப் போனாலும் அதே பச்சைப் போர்வைதான் இருக்கும், ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு அடர்ந்த காடு மாதிரி தெரியும்.

வனப்பரப்பு அறிக்கை எதைச் சொல்கிறது

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் வனப்பரப்பு என்றால், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கூரையும் (மரத்தலைகள் மூடிய பரப்பு) உள்ள எந்த நிலமும். யாருடைய நிலம், எந்த மரம் என்று பார்ப்பதில்லை. வரிசையாக நட்ட ரப்பரும், விட்டுவிட்ட ரப்பரும், கோதையாற்றுப் பழங்காடும் செயற்கைக்கோள் படத்தில் மரக்கூரைதான். கூரை எவ்வளவு அடர்த்தி என்று அது பிரித்துச் சொல்லும்: 70க்கு மேல் மிக அடர்ந்தது, 40 முதல் 70 நடுத்தரம், 10 முதல் 40 திறந்தது. இதில் தவறொன்றும் இல்லை, அது கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். கூரைக்குக் கீழே எத்தனை இனம், எவை என்று அந்த அறிக்கையிடம் கேட்பதுதான் தவறு. மாவட்டத்தில் பச்சை கூடியது என்று பகிரப்படும் படங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

விடுவதா, நடுவதா

இடத்தைப் பொறுத்தது என்று சொன்னால் நழுவுகிற மாதிரி இருக்கும், அதனால் எதைப் பொறுத்தது என்று சொல்லிவிடலாம்.

1. பழங்காட்டை ஒட்டிய துண்டு, தூர்கள் மிச்சமிருக்கிறது, கொடி ஏறவில்லை: விட்டுவிடலாம். நடுவதற்காகச் சுத்தம் செய்வதே அங்கே கெடுதல், தானாக வந்த கன்றுகளைப் ‘புதர்’ என்று வெட்டிவிட்டுக் குழி தோண்டுவது நடக்கிற காரியம்தான்.

2. காட்டுக்குப் பக்கம், ஆனால் கொடியும் உண்ணிச்செடியும் பிடித்துவிட்டது: நடவு வேண்டாம், கொடி அறுப்பு வேண்டும். ஒரு தடவை அறுத்தால் போதாது, கன்று கொடியைத் தாண்டும்வரை வருடா வருடம்.

3. சுற்றிலும் தோட்டமும் வீடும், பழங்காடு தூரம்: பெரிய விதை மரங்களைக் கையால்தான் கொண்டுவர வேண்டும். வால்பாறைப் பகுதியில், சீரழிந்த மழைக்காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டுப் பார்த்த இடங்களில், தானாக விட்ட இடங்களைவிடக் கூரை அடர்த்தியும் பழங்காட்டு மரங்களின் பங்கும் கூடியது. முழு நிலத்தையும் நட வேண்டியதும் இல்லை. கோஸ்டாரிகாவின் தெற்கே, திட்டுத் திட்டாக மட்டும் மரக்கூட்டம் நட்டு நடுவில் விட்டுப் பார்த்தார்கள். பறவைகள் திட்டுக்கு வந்தன, விதை விழுந்தது, மீட்சி முழு நடவுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது. செலவு குறைவு. முன்னே சொன்ன வேலியோர அயனி செய்கிற வேலையை வேண்டுமென்றே செய்வதுதான் இது.

ஒரே வகை மரக்கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டுப் படம் எடுப்பதை இந்த மூன்றில் எதிலும் சேர்க்க முடியவில்லை.

நடுவதா விடுவதா என்பதைவிடப் பெரிய பிரச்சினை, விட்டதை விட்டபடி வைத்திருப்பது. அதே தெற்குக் கோஸ்டாரிகாவில் மறுவளர்ச்சிக் காடுகளில் பாதி இருபது வருடத்துக்குள் திரும்ப வெட்டப்பட்டுவிட்டன, 54 வருடத்துக்குள் 85 சதவீதம் போய்விட்டது. இனக் கலவை திரும்ப 120 வருடம் என்றால் இந்தக் காடுகள் அந்தக் கணக்குக்குள்ளேயே நுழைவதில்லை. நம் பக்கம் ரப்பர் விலை ஏறினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு துண்டைப் பார்த்து எப்படிச் சொல்வது

ஆய்வுகளில் பெரும்பாலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேலுள்ள மரங்களை எண்ணுவார்கள், சிலர் 5க்கு மேல். அந்த மரங்கள் பத்து இருபது வருடத்துக்கு முன்னால் என்ன விதை வந்தது என்று சொல்லும். இனி என்ன ஆகும் என்று தெரிய குனிந்து பார்க்க வேண்டும்.

மேலே முழுக்க வட்டக்கண்ணி, கீழே முழங்கால் உயரத்தில் தெரளி, அயனி, அங்கங்கே ஒரு நாங்குக் கன்று என்றால் துண்டு சரியான வழியில் போகிறது, வட்டக்கண்ணியின் ஆயுசு முடிந்ததும் இடம் கைமாறும். மேலேயும் வட்டக்கண்ணி, கீழே வெறும் சருகு அல்லது கொடி என்றால் விதை வரவில்லை. மேலே ரப்பர், கீழேயும் ரப்பர் கன்று மட்டும் என்றால் இன்னும் பல வருடத்துக்கு அது ரப்பர் தோட்டமேதான், பால் வெட்ட ஆள் இல்லை என்பதைத் தவிர. இதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், செடியின் பெயர் தெரிந்த ஒரு காணிக்காரப் பெரியவர் கூட வந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை.